திரும்பி வராத அலை

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

விடுதி மொட்டைமாடியில் செம்புக் கம்பியை இரு பக்கமும் நீட்டி, நான் பேசி அனுப்பும் என் ரேடியோவுக்கு ஆன்டெனா கட்டினேன். ரேடியோவின் மீட்டர் முள் இறங்கும்வரை இரு நுனியையும் ஒரே அளவாக நறுக்கினேன். நேற்று முள் மறுபடி எகிறியது. போய்ப் பார்த்தால், அறையில் உடனிருக்கும் வெல்டர் அதில் ஈரப் பனியன்களைக் காயப்போட்டிருக்கிறார்.

"கொடின்னு நெனச்சேன் தம்பி. பனியன் தொங்குனா ரேடியோவுக்குச் சளி புடிச்சுக்குமா?" என்றார். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பனியன்களை எடுத்ததும் முள் படுத்துவிட்டது. அனுப்பிய அலை கம்பியிலிருந்தே திரும்பி வந்தால்தான் முள் ஏறும். வராவிட்டால் முழுதாக வெளியே போய்விட்டது என்று பொருள். நீங்கள் பதில் போடாத கடிதங்களையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நம் மாடியில் நான் கட்டிய கம்பியை அவிழ்க்க வேண்டாம். அம்மா துணியாவது காயப்போடட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்