அப்பாவின் இடது கால்

இயேசு மரி சூசை துணை

ராசிபுரம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் இளவழகனுக்கு அம்மா சௌந்திரம் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் அப்பாவும் நலம் என்று மேலே எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பார். புதுத் தாள் எடுத்து எழுதியிருக்கலாம். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் விட்டுவிட்டேன். உன் நலம் அறிய ஆவல் என்பது மட்டும் நிஜம், அதை அடிக்கவில்லை.

உங்கள் குருமடத்திலிருந்து வந்த தாள் பத்து நாளாக ஃபிரிட்ஜுக்கு மேலேயே கிடந்தது. சாமியாராவதற்கு முந்தின படியான தியாக்கோன் பட்டம் வாங்கப் போகிற பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதி, ஒட்டி அனுப்ப வேண்டுமாம். தியானத்தின் மூன்றாம் நாள், புதன்கிழமை, அதை உங்கள் கையில் கொடுப்பார்களாம். அதுவரை யாரும் பிரிக்க மாட்டார்களாம். என்ன எழுதுவது என்று தெரியாதவர்களுக்குக் கேள்வியும் போட்டிருக்கிறார்கள். உங்கள் மகன் சிறு வயதில் எப்படி ஒளியாக விளங்கினான்? உங்கள் இல்லத்தில் அன்றாடம் கிறிஸ்துவைப் போல வாழ்வது எப்படி? கேள்வி போட்ட சாமியார் ஒரு நாளாவது கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிவிட்டு வந்து இதை எழுதியிருந்தால் வேறு மாதிரி கேட்டிருப்பார்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். நீ ஒளியாக விளங்கவில்லை. கரண்டு போனால் ஏழு வயது வரைக்கும் என் சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதாய். இதை உங்கள் குருமட அதிபர் தந்தையிடம் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத வேண்டுமென்றால், உங்கப்பா சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிற விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உனக்குப் பட்டம் முடிகிற வரைக்கும் போனில் மூச்சு விடக் கூடாது என்று மாதா படத்துக்கு முன்னால் நிற்க வைத்து வாங்கினார். போனில் நான் சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவின் வலது காலை வருகிற செவ்வாய்க்கிழமை சேலம் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கப் போகிறார்கள். நீ இதைப் படிக்கும்போது எடுத்து ஒரு நாள் ஆகியிருக்கும். அதனால் ஓடிப் போய்த் தடுக்கலாம் என்று எழுந்திருக்காதே. உட்கார்ந்து மீதியையும் படி, சாமி.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, அம்மா எனக்குப் பயமாக இருக்கிறது, காலம் முழுக்க இப்படியே இருக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். தவக்காலம் பிறந்ததும், பங்கு ஜனங்கள் மாதா கோயிலுக்கு நடந்து போகிறார்கள், நானும் போகிறேன், பையன் மனசு மாறாமல் இருக்க வேண்டுதல் என்று கிளம்பினார். அதோடு விட்டாரா? செருப்பில்லாமல் நடப்பேன் என்றார். ஆண்டவர் நமக்காகச் சிலுவையே சுமந்தார், நான் ஒரு செருப்பைக் கழற்றக் கூடாதா என்று என்னை மடக்கினார். ஆண்டவர் காலிலேயே செருப்பு இருந்ததாகத்தான் கோயிலில் வாசிக்கிறார்கள், அவருக்குச் சர்க்கரை வியாதியும் கிடையாது என்று நான் சொன்னேன். முறைத்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன், பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் வழி விட்டுப் பழக்கமில்லை.

முப்பது கிலோமீட்டர். மார்ச் மாத வெயில். தார் ரோடு. செருப்பை மஞ்சப்பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தாராம். சர்க்கரைக்காரர் காலுக்குச் சூடு உறைக்காது, அதை அவர் ஆண்டவர் கொடுத்த பலம் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் வந்து, ஒரு வலியும் இல்லை சௌந்திரம், பூ மேல் நடந்த மாதிரி இருந்தது என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நானும் அப்படியே நம்பினேன்.

அதற்கப்புறம் வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட ஆரம்பித்தார். கேட்டால், வெடிப்புக்கு மருந்து தடவியிருக்கிறேன் என்றார். இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. வீட்டில் ஒரு வாடை அடித்தது. நான் காலை ஆறு மணிக்குப் பண்ணைக்குப் போனால் சாயங்காலம் வரைக்கும் கோழிக் கழிவுக்கு நடுவிலேயே நிற்கிறவள். எந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று பிரிக்கத் தெரியாமல் என் மூக்கு செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்த வாடை என் மேலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டு, தினமும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தேன். பண்ணைச் சேலையைக் கொல்லையில் தனியாகத் தொங்கவிட்டேன். மூன்று வாரம் இப்படியே போனது. என் புருஷன் கால் அழுகிக்கொண்டிருந்தது, நான் என்னைத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வியாழன் அன்றுதான் தெரிந்தது. ஆண்டவர் சீடர்களுக்குச் செய்த மாதிரி சாமியார் பாதம் கழுவுவதற்குப் பன்னிரண்டு பேரை எடுத்தபோது, பையன் பட்டம் வாங்கப் போகிற வருஷம் என்று அப்பாவையும் சேர்த்தார்கள். உபதேசியார் வீடு வீடாக வந்து, காலைச் சுத்தமாகக் கழுவிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வருஷா வருஷம் இதே கூத்துதானே. அன்று மத்தியானம் நம் தெரு ஆம்பிளைகள் எல்லாம் குதிகாலைக் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவின காலைக் கழுவத்தான் இத்தனை பெரிய பூசையா என்று நான் சிரித்தேன். அப்பா மட்டும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூசையில் பன்னிரண்டு நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தது. வலது காலை நீட்டுவதுதான் வழக்கம், உனக்குத் தெரியும். நான் பொம்பளைகள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தேன். சாமியார் முழங்கால் போட்டு ஒவ்வொருவராகக் கழுவித் துடைத்து முத்தமிட்டுக்கொண்டே வந்தார். பதினொரு பேர் வலது காலை நீட்டினார்கள். உங்கப்பா இடது காலை நீட்டினார். வலது கால் சாக்ஸோடு நாற்காலிக்கு அடியில் இருந்தது. சாமியார் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது காலையே கழுவினார். எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. வாடை எங்கிருந்து வந்தது என்பதும் சேர்த்துத்தான்.

வீட்டுக்கு வந்ததும், நான் ஆண்டவரை ஏமாற்றிவிட்டேன் சௌந்திரம் என்று அழுதார். ஆண்டவர் இருக்கட்டும், என்னை ஏமாற்றினீர்களே என்று நான் கத்தினேன். சாக்ஸைக் கழற்றினபோது கத்துவதை நிறுத்திவிட்டேன். மறுநாள் பெரிய வெள்ளி. சிலுவைப் பாதைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஐந்து மணிக்கும் சாயங்காலம் ஆறரைக்கும் நான் அந்தக் காலைக் கழுவுகிறேன். இல்லத்தில் கிறிஸ்துவைப் போல வாழ்வது எப்படி என்று கேட்டிருக்கிறார்களே, அவர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அன்போடு கழுவவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே கழுவுகிறேன். வேண்டுதல் வைத்தவர் அனுபவிக்கட்டும், நான் எதற்கு அனுபவிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கழுவுகிறேன். ஈஸ்டர் முடிந்து மூன்றாவது வாரம் ஒரு நாள், பேசினில் சுடுதண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, இனி என்னால் முடியாது என்று வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் உள்ளே காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். அழைக்கவில்லை. அழைத்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

பக்கத்து வீட்டு பாவாயி உனக்குத் தெரியும், என்னோடு பண்ணைக்கு வருகிறவள். கிறிஸ்துமஸ் கேக்குக்குத் தவிர நம் கோயில் வாசலை மிதித்ததில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு, ஏனுங்கக்கா இப்படி உக்காந்துட்டீங்க, தண்ணி ஆறிப்போவுதில்லைங்களா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். நான் எழுந்து போவதற்குள் காலை மடியில் தூக்கி வைத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். மூக்கில் துண்டு கூடக் கட்டவில்லை. அப்பாவுக்கு மானம் போய்விட்டது. வேண்டாம் தங்கச்சி, விடு என்று காலை இழுத்தார். சும்மா இருங்கண்ணா, போன வருசம் எங்கூட்டு எருமைக்குக் குளம்புல புண்ணு வந்தப்ப நாந்தானுங்க கழுவி உட்டேன், அது உங்களாட்டம் இத்தன அழும்பு பண்ணலீங்க என்றாள். அப்பா சிரித்துவிட்டார். ஒரு மாசத்துக்கப்புறம் அன்றுதான் சிரித்தார். நானும் வாசலில் நின்றபடி சிரித்துக்கொண்டே அழுதேன்.

அதற்கப்புறம் சாயங்காலம் ஆறரை ஆனால் வந்துவிடுவாள். உள் அறை பல்பு மங்கல், புண்ணின் ஓரம் சரியாகத் தெரியாது. அவள் தன் செல்போன் டார்ச்சைப் போட்டுப் பக்கத்தில் பிடித்துக்கொள்வாள், நான் கழுவுவேன். நான் அசந்துபோன நாளில் அவள் கழுவுவாள், நான் டார்ச் பிடிப்பேன். எதற்காக இதெல்லாம் செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. வெளிச்சம் பத்தலையேன்னுதானுங்கக்கா என்றாள். உங்கள் தாளில் ஒளி என்று போட்டிருக்கிற இடத்தில் நான் எழுதுவதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

எவ்வளவு கழுவியும் கால் தேறவில்லை. போன வாரம் சேலத்தில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, விஷம் மேலே ஏறுகிறது, இனி தாமதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷம் பிரேக் மிதித்த கால் என்று அப்பா பஸ்ஸில் வரும்போது ஒரு தடவை சொன்னார்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் நீ ஆயர் முன்னால் முழங்கால் போட்டு, காலம் முழுக்கத் தனியாக இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். அப்பா எனக்காகக் காலையே கொடுத்துவிட்டாரே என்று நினைத்து நீ அந்த வாக்கைக் கொடுக்காதே. அந்தக் காலை நீ கேட்கவில்லை. ஆண்டவரும் கேட்கவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். உங்கப்பாவின் பிடிவாதம்தான் கேட்டது. பட்டம் வாங்கினால் உனக்குப் பிடித்து வாங்கு. பிப்ரவரியில் சொன்ன பயம் இன்னும் இருந்தால், அதையும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு எழுந்து வா. ஊர் ஒரு மாசம் பேசும். அப்புறம் பேச வேறு ஆள் கிடைத்துவிடும்.

அதே மாதிரி, அம்மா அசந்துபோய்விட்டாள் என்பதற்காகவும் வந்துவிடாதே. இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. எனக்கு நீ வேண்டும், சாமி. பண்ணையிலிருந்து வந்து கதவைத் திறக்கிறபோதெல்லாம், உள்ளே நீ இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டுதான் செருப்பைக் கழற்றுகிறேன். ஒரே பிள்ளையை அனுப்பிவிட்டு எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிற அம்மாமார்களைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். நான் அந்த ஜாதி இல்லை. ஆனாலும் என் அசதிக்கு நீ மருந்தில்லை. இத்தனை நாள் உன்னிடம் மறைத்து வைத்திருந்ததில்தான் பாதி அசதி. அதை இப்போது இறக்கி வைத்துவிட்டேன்.

அப்பாவும் தன் பங்குக்கு நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் சுகம், உன் பட்டத்துக்கு நடந்தே வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறார். அதையும் இதே கவரில்தான் வைக்கிறேன். பொய்தான், ஆனால் அவருக்குத் தெரிந்த அன்பு அதுதான். கிழித்துவிடாதே. நான் உன் சின்ன வயசுக் கதை எழுதிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு, அவன் மரத்திலிருந்து விழுந்ததை எழுதிவிட்டாயா என்று உள்ளே இருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார். எழுதிவிட்டேன் என்று சொன்னேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அங்கி போட்டுச் சாமியாராக வந்தாலும் சரி, பையைத் தூக்கிக்கொண்டு வெறும் பிள்ளையாக வந்தாலும் சரி, வருகிற அன்றைக்குப் பெரிய வியாழன் வரட்டும் என்று காத்திருக்காதே. நீல பேசின் கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கும். எந்தக் காலை நீட்டுவது என்று அப்பா இனி யோசிக்க வேண்டியதில்லை. இடது கால் ஒன்றுதான் இருக்கும். அவர் கழுவி வைப்பதற்கு முன்னால் நீ போய்க் கழுவிவிடு. அன்றைக்கு நான் டார்ச் பிடிக்கிறேன்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு,
அம்மா
சௌந்திரம்