அப்பா பண்ற கேரட் ஹாட் டாக்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதறேன். நீ நல்லா இருக்கணும், வேளாவேளைக்குச் சாப்பிடணும், அதுதான் முதல்ல. இங்க நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டா முறைச்சுக்குது. போன்லயே சொல்லலாமேன்னு கேப்பே, நீ போன் பண்ணினா உங்கப்பா பேப்பர் படிக்கிற சாக்குல பக்கத்துலயே வந்து உட்கார்ந்துக்கிறார், இது அவர் காதுல விழக் கூடாத சமாச்சாரம், அதான் கடிதம்.

அடுத்த மாசம் வர்றப்ப ஓட்டல்ல ரூம் போட்டுக்கிறேன்னு சொன்னியே, அதுலேர்ந்து எனக்கு மனசே ஆறலை. கறி, முட்டை, பால் எதையும் தொடறதில்லை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு சொல்றே. சரிதான். ஆனா போன தடவை அப்பா ஆசையா பன்னுக்குள்ள கறி சாசேஜ் வெச்சுத் தட்டுல போட்ட ஹாட் டாக்கை ஒதுக்கிட்டு வெறும் வெங்காயத்தைத் தின்னுட்டு எழுந்தியே, அன்னைக்குத் தொங்கின முகம்தான் மனுஷனுக்கு. மைதானத்து வாசல்ல வண்டி போட்டு அதை வித்துத்தானே உன்னை வளர்த்தோம், அந்தச் சாப்பாடு இப்ப இவளுக்குக் கேவலமாப் போச்சுன்னு அவரா ஒண்ணை நினைச்சுக்கிட்டார். அவ கொள்கை அது, உங்களை ஒண்ணும் சொல்லலைன்னு நான் தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லியும் ஏறலை. ஓட்டல்னு கேட்டதும் அவ இஷ்டம்னு சொல்லிட்டு பால்கனிக்குப் போய் செடியே இல்லாத தொட்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நின்னார்.

எனக்கு அந்த வண்டி நாளெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு குட்டி. மேட்ச் இருந்தா பள்ளிக்கூடம் விட்டு நேரா வண்டிக்குத்தான் வருவே, பன் வர்ற பெட்டியைக் கவுத்துப் போட்டு அதுமேல உட்கார்ந்து கணக்குப் போடுவே, நோட்டெல்லாம் கடுகு சாஸ் கறை, டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. எத்தனை பேர் வரிசையில நின்னாலும் அப்பா அடுப்பு மூட்டினதும் முதல் ஒண்ணு உனக்குத்தான், காசு குடுக்காத போணி வந்தாச்சுன்னு சிரிப்பார். வீட்டுக்குத் திரும்பறப்ப நீ என் தோள்ல தூங்கிடுவே, உன் தலைமுடியெல்லாம் கரிப்புகை வாசனை. இப்பவும் எங்கயாவது கரி அடுப்பு வாசனை வந்தா நான் நின்னு திரும்பிப் பார்க்கிறேன்டி.

சரி, விஷயத்துக்கு வரேன். போன வாரம் உங்கப்பா சந்தையிலேர்ந்து ஒரு பை நிறைய தடித்தடியா கேரட் வாங்கிட்டு வந்தார். முயல் வளர்க்கப் போறீங்களான்னு கேட்டேன், கத்தியைத் தேடிக்கிட்டுப் போயிட்டார். தோலைச் சீவி, ரெண்டு முனையையும் உருண்டையா நறுக்கி, பார்க்க சாசேஜ் மாதிரியே ஆக்கிட்டார். முதல் தடவை வெந்து குழைஞ்சு பல்லு முளைக்காத குழந்தைக்கு ஊட்டற பதமாயிடுச்சு. அடுத்த தடவை அரைவேக்காடு, கடிச்ச சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அப்புறம்தான் பிடிபட்டுது, கத்தி உள்ள இறங்கணும், ஆனா கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் இறங்கணும். அந்தப் பதத்துல எடுத்து சோயா சாஸ், வினிகர், நசுக்கின பூண்டு, மிளகு, துளி சர்க்கரை எல்லாம் கலந்ததுல ராத்திரி முழுக்க ஊறப் போட்டார். மறுநாள் பாத்திரத்துக்குள்ள ஒரு கிண்ணத்துல கனல் துண்டை வெச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, புகை வந்ததும் மூடி போட்டுட்டார். திறந்தப்ப வீடு முழுக்க நம்ம வண்டி வாசனை, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் கல்லுல உருட்டி உருட்டி ஓரம் கருக வாட்டி, பன்னுல வெச்சு, வெங்காயமும் கடுகு சாஸும் போட்டு, கீழ்வீட்டு பஸ் டிரைவரைக் கூப்பிட்டுக் குடுத்தார். அந்த மனுஷன் சாசேஜ் இல்லைன்னு தெரியுது, இருந்தாலும் இன்னொண்ணு குடுங்கன்னார். அப்பாவுக்குத் தலைகால் புரியலை.

டிரைவர் போனதும் எல்லாம் சரி, பன்னை எதுல வாட்டினீங்கன்னு உங்கப்பாவைக் கேட்டேன். வெண்ணெயில! இத்தனை வருஷப் பழக்கம், கை பாட்டுக்குத் தடவியிருக்கு, அவருக்கே தெரியலை. அப்படியே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டார். நான் பாட்டுக்கு அவகிட்ட இதுல ஒண்ணும் கலக்கலைன்னு சத்தியம் பண்ணியிருப்பேனே, நம்பித் தின்னிருப்பாளேன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். மறுநாள் வெண்ணெய் டப்பாவை எதிர்வீட்டுத் தையல்காரம்மாகிட்ட குடுத்துட்டார். பேக்கரிக்குப் போய் பன் மாவுல பால் உண்டா, முட்டை உண்டான்னு குடைஞ்சு எடுத்து, ரெண்டும் இல்லாததாத் தனியா சுட்டுத்தர ஏற்பாடு பண்ணியிருக்கார். இப்ப எண்ணெயிலதான் வாட்டறார், நான் பக்கத்துல நின்னு பார்க்கணுமாம்.

நேத்து அடுப்புப் பக்கம் திரும்பினபடியே, அவ எத்தனை சாப்பிடுவான்னு கேட்டார். முன்னெல்லாம் ஒண்ணரை, அந்த அரை என்னோடதுலேர்ந்து பிச்சுக்குவா, இப்ப எத்தனைன்னார். எனக்குத் தெரியலை குட்டி. பெத்தவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னோம். இதுக்கு ஓட்டல்ல உட்கார்ந்துக்கிட்டு நீ பதில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வா, வந்து அவர் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடு.

தீர்க்காயுசா, நிறைஞ்ச மனசோட இரும்மா. அந்த ரூமை மறக்காம இன்னைக்கே கேன்சல் பண்ணு. நான் எழுதினதை அவர்கிட்ட மூச்சு விடாதே, தட்டுல கேரட்டைப் பார்த்ததும் ஒண்ணும் தெரியாத மாதிரி முழி.

உன் வரவை எதிர்பார்த்து,
அம்மா