பூச்சு உள்பக்கம் இருந்தது

என் பிரியமுள்ள செந்தில் அண்ணா,

நீங்கள் எங்களையெல்லாம் விட்டுப் போய் நாற்பது நாளாகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. லேபில் உங்களை விட்டால் இதைச் சொல்ல எனக்கு யார் இருந்தார்கள்?

நம் வளையும் சோலார் தகடு நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் தாளில் வெயிலை மின்சாரமாக்கும் பெரோவ்ஸ்கைட் பூச்சைப் பூசி, இயந்திரத்தில் மாட்டி மடக்கி மடக்கிப் பார்த்தோமே. எவ்வளவு மடக்கியும் மின்சாரம் குறையவில்லை. தேக்கா சந்தையிலிருந்து எல்லாருக்கும் வடை வாங்கி வந்தீர்கள்.

போன வாரம் புதிதாக வந்தவர் அதே சோதனையைச் செய்தார். பூச்சு விரிசல் விட்டுவிட்டது. இந்த ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்து, கறுப்புப் பூச்சு மஞ்சளாகிவிட்டது. நம் சோதனையின் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். அவர் மாட்டியதுபோல் வளைவின் வெளிப்பக்கம் இருந்தால்தான் பூச்சு இழுபடும். தூசி படக்கூடாதே என்று நான் அதை உள்பக்கமாக மாட்டியிருக்கிறேன்! இழுபடாத பூச்சு எப்படி விரிசல் விடும்?

பதிவேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து. எனக்கு அப்போது இயந்திரத்தைத் தனியாகத் தொட அனுமதி இல்லை. “நீ பண்ணு தங்கச்சி, நான் கையெழுத்து போட்டுக்கறேன்” என்று உங்கள் பெயரில் எழுதினீர்கள்.

எங்கள் குழுத்தலைவி கவிதா நேற்று சொன்னார்: “செந்தில் பண்ண மிஸ்டேக் லா. ரிப்போர்ட்ல அப்படியே போட்டுடலாம்.” நான் தலையாட்டினேன் அண்ணா. அடுத்த மாதம் என் வேலை அனுமதி பாஸைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இறந்தவரை யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்களே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்த என்னைக் கண்டுதான் எனக்கு அதிகப் பயம்.

இன்று பூன் லேயில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: “லேப்ல யாரோ சொன்னாங்க. அவரு வேலைல தப்பு பண்ணிட்டாராம்மா?”

“தெரியல அண்ணி” என்றேன். அவர் என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினார்.

நீங்கள் இருந்திருந்தால் திட்டியிருப்பீர்களா, சிரித்திருப்பீர்களா?

பாஸ் போனால் போகட்டும் என்று வீரமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. கவிதா முன்னால் நின்றால் மறுபடி தலையாட்டிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் நாளைக் காலை முதலில் பூன் லே போகிறேன். அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் லேபுக்குப் போவேன். அதற்குப் பிறகு நான் பின்வாங்க வழி இருக்காது.

உங்கள் கையெழுத்துக்குள் ஒளிந்திருந்த தங்கச்சி,
மலர்