தலைகீழாக நட்ட பீன்ஸ்

டெட்ஸா,
16 பிப்ரவரி 2009

அன்புள்ள லாக்சன்,

நீ நலமா என்று கேட்கமாட்டேன். நலமில்லாதவன் என் தொந்தியைப் பற்றி அரைப் பக்கம் எழுதமாட்டான்.

உட்கார்ந்து படி. உன் நண்பன் பெரிய ஆளாகிவிட்டான். மாணவர் மையக் கற்றல் எந்தப் பள்ளியிலாவது நடக்கிறதா என்று தேடிக்கொண்டு, மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் போன புதன்கிழமை என் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். நீ வாத்தியார் வேலையை விட்டுப் பத்து வருடமாயிற்று, அதனால் சொல்கிறேன். அப்போது நாம் பேசுவோம், பிள்ளைகள் தூங்குவார்கள். இப்போது பிள்ளைகள் பேச வேண்டும், நாம் தூங்காமல் கேட்க வேண்டும். சிரமமான வேலை.

மாவுச் சாக்கைக் கிழித்து விதைப் படங்கள் வரைந்து மாட்டினேன். தேவாலயத்திலிருந்து பெஞ்சு இரவல் வாங்கினேன். எட்டுக் குழு, குழுவுக்கு ஐந்து பேர். விதை எப்படி முளைக்கிறது என்று ஒவ்வொரு குழுவும் சொந்தமாக ஒரு கேள்வி கேட்டது. வந்தவர்களில் ஒரு அம்மாள் அசந்துபோய், என்னிடம், "உங்க பிள்ளைங்க என்னமா கேக்கறாங்க, கம்வெண்டோ சார்!" என்றார். பக்கத்தில் தலைமையாசிரியர், தானே முளைத்து வந்தது போல நின்றார்.

ஏப்ரலிலிருந்து மாவட்டம் முழுக்க மற்ற ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் நான்! மோட்டார் சைக்கிள் உண்டாம். பின்னால் உட்கார என் வீட்டுக்காரி ஃபைனஸ் இப்போதே புதுத் தலைத்துணி வாங்கிவிட்டாள்.

உன் மகள் தியாமிக்கே எங்கள் வீட்டில் நலம். ந்சிமாக் களி இரண்டு உருண்டை சாப்பிடுகிறாள், கேள்வி இருபது கேட்கிறாள்.

உன்,
வைசன்

*

ஜோகன்னஸ்பர்க்,
1 மார்ச் 2009

அன்புள்ள வைசன்,

உன் கடிதத்தை கேட்டில் என்னோடு காவல் நிற்கும் மொசாம்பிக்காரனுக்கு இரண்டு முறை படித்துக்காட்டினேன். "உன் பொண்ணு அவர் வகுப்பிலயா படிக்கிறா? குடுத்துவெச்சவ" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

உன் கடிதம் வந்த பஸ்ஸிலேயே தியாமிக்கேயின் கடிதமும் வந்தது. ஒரு பீன்ஸ் விதையைத் தலைகீழாக நட்டுவைத்தாளாம், வேர் மேலே போகுமா கீழே போகுமா என்று பார்க்க. தோண்டிப் பார்த்தால் வேர் வளைந்து கீழேயே போயிருந்ததாம். 'அதுக்கு யாருப்பா வழி சொன்னது?' என்று கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் இந்தக் கேள்விக்கு என்ன சொன்னார்கள்?

இன்னொன்று. பெரியவர்கள் வந்த அன்றைக்கு உன் மக்காச்சோள வயலில் குரங்குகளை விரட்டிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறாள். கிழமையை மாற்றி எழுதிவிட்டாள் போலிருக்கிறது.

வகுப்பில் நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று எப்போதும் புலம்புவாயே. எட்டைந்து நாற்பதுதானே வருகிறது? மீதிப் பேரை எங்கே உட்காரவைத்தாய்? எனக்குக் கணக்கு எப்போதும் தகராறு என்பது உனக்கே தெரியும்.

ஃபைனஸுக்கு என் அன்பு.

லாக்சன்

*

டெட்ஸா,
9 மார்ச் 2009

அன்புள்ள லாக்சன்,

உன் கணக்கு சரி. கிழமையும் சரி.

எழுபத்திரண்டு பேரை அன்று வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பேரைக் குழுவாக உட்காரவைத்தால் அது வகுப்பாகத் தெரியாது, சந்தையாகத் தெரியும். இதை எல்லாரும் செய்கிறார்கள் என்று எழுத வந்தேன். எழுதிப் பார்த்தால் நன்றாக இல்லை.

எட்டுக் கேள்வியும் நான் எழுதியவை. இரண்டு வாரம் ஒத்திகை. ஒரு பையன் அவசரப்பட்டு அடுத்த குழுவின் கேள்வியைக் கேட்டுவிட, அந்தக் குழுத் தலைவி, "டேய், அது எங்க கேள்விடா" என்று அவன் தொடையில் கிள்ளினாள். அந்த அம்மாள் அதையும் 'ஆர்வம்' என்று எழுதிக்கொண்டார்.

ஒத்திகையில் உன் மகள் எழுந்து, "சார், இது எங்க கேள்வின்னா பதில் ஏற்கெனவே உங்க நோட்டில எப்படி இருக்கு?" என்றாள். வகுப்பே சிரித்தது. அடுத்து அந்தத் தலைகீழ் விதையைக் கேட்டாள். "அது பட்டியல்ல இல்ல, உக்காரு" என்றேன். புதன்கிழமை காலையில், "சோளத்தைக் குரங்கு தின்னுது, போய்ப் பாத்துக்கோம்மா" என்று கையில் ஒரு தகர டப்பாவும் குச்சியும் கொடுத்து அனுப்பினேன்.

பிள்ளைகள் கேள்வி கேட்பதைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள், லாக்சன். என்னிடம் கேள்வி கேட்கிற பிள்ளை ஒருத்திதான் உண்டு. அவளைக் குரங்குகளிடம் அனுப்பினேன்.

இப்போது வீட்டிலும் என்னை 'சார்' என்கிறாள். 'சித்தப்பா' போய்விட்டது. வகுப்பில் "கேள்வி இருக்கா?" என்றால், "இல்ல சார்" என்கிறாள். சாப்பிடும்போது அவள் முன்னால் உட்காரக் கூசி, தொந்தியோடு அடுப்படியில் குந்திக்கொண்டு சாப்பிடுகிறேன். "என்ன, புதுசா விரதமா?" என்று ஃபைனஸ் கிண்டல் செய்கிறாள்.

வைசன்

*

ஜோகன்னஸ்பர்க்,
22 மார்ச் 2009

வைசன்,

பிளான்டயர் நகரத்தில் என் அக்கா வீட்டில் மின்விளக்கு இருக்கிறது, கட்டில் இருக்கிறது. உன்னிடம் அவளை ஏன் விட்டேன்? கேள்வி கேட்டதற்காக அந்தக் காலத்தில் என்னைப் பள்ளியில் முட்டிபோடவைத்தார்கள். உன் வகுப்பில் அவளுக்கு அது நடக்காது என்று நம்பினேன். நீ முட்டிபோடவைக்கவில்லை, உண்மைதான். மரியாதையாக வயலுக்கு அனுப்பினாய்.

அக்கா வீட்டுக்குப் போகிறாயா என்று அவளிடமே எழுதிக் கேட்டேன். பதில் சொல்வதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அவள் எழுத்திலேயே தருகிறேன்:

'சார் என்னைப் பார்த்து பயந்தாரா?'

லாக்சன்

*

டெட்ஸா,
2 ஏப்ரல் 2009

அன்புள்ள லாக்சன்,

ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். அவளுடைய கேள்வி ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் பஸ்ஸில் போய்த் திரும்பி வந்து என்னைக் கேட்கிறது. நான் எப்பேர்ப்பட்ட வாத்தியார் என்று பார்த்துக்கொள்.

முற்றத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன். "ஆமாம்மா, பயந்துட்டேன். அந்த விதைக்கு எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னு பெரியவங்க முன்னாடி சொல்லத் தைரியம் இல்ல" என்றேன். தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள்: "இதை அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா, சார்?"

இல்லை. உன்னிடம்தான் சொல்லியிருந்தேன். அதுவும் நீ கணக்குப் போட்ட பிறகு.

மாவட்ட அலுவலகத்துக்கு நேற்று ஒரு கடிதம் எழுதினேன். எட்டுக் கேள்வியும் என்னுடையவை, எழுபத்திரண்டு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன், பயிற்சியாளராகும் தகுதி எனக்கு இல்லை, முடிந்தால் இன்னொரு நாள் சொல்லாமல் வாருங்கள் என்று எல்லாவற்றையும். மோட்டார் சைக்கிள் போயிற்று. இருந்த வேலை நிற்குமா தெரியாது. ஃபைனஸ் தலைத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். அவள் சும்மா இருப்பது உனக்குத் தெரியுமே, இடி விழுவது தேவலை.

உறையில் போடுமுன் தியாமிக்கேயிடம் படிக்கக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே, மெதுவாகப் படித்தாள்.

"ஒண்ணு தப்பு, சார்."

"எது?"

"வீட்டுக்கு அனுப்பினது எழுபத்தொரு பேர். நான் வீட்டுக்குப் போகல, வயலுக்குப் போனேன்."

இதோ, உனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு அதைத் திருத்தி எழுதப் போகிறேன். முடிகிற வரை போகமாட்டேன் என்று பக்கத்திலேயே நிற்கிறாள்.

வைசன்