பைக்குள் அடங்காத சீடி

என்னங்க,

நீங்கள் கண்மூடிய பிறகு அப்படியே கிடக்கும் உங்கள் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இன்று காலை பீரோவைத் திறந்தேன். எதை எடுத்தாலும் பையின் ஓரம் பிரிந்து கிடக்கிறது. எல்லாம் நீங்கள் சீடியைத் திணித்துத் திணித்துக் கிழிந்தவை. நீலச் சட்டைப் பையில் அந்த சீடியே இருந்தது. கிழிந்ததை எப்படிக் கொடுப்பது? எல்லாவற்றையும் திரும்ப மடித்து வைத்துவிட்டேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் சீடி பையிலிருந்து எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளை சினிமா கொண்டுவந்திருக்கிறார் என்று என் தம்பி டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். "இது லினக்ஸுங்க. கம்ப்யூட்டர ஓட்டுற சிஸ்டம். யாரு வேணா சும்மா எடுத்துக்கலாம், உள்ள எப்படி எழுதிக்கீதுன்னு பார்க்கலாம்" என்று ஆரம்பித்தீர்கள். அப்பா பஜ்ஜித் தட்டை நகர்த்திப் பேச்சை மாற்றப் பார்த்தார். நீங்களா விடுவீர்கள்? "நம்ம ஆரணில பட்டுச் சேலைய திருப்பி, பின்பக்கம் பார்க்காம யாராச்சும் வாங்குவாங்களா? கம்ப்யூட்டர் சாமான மட்டும் மூடி வெச்சு குடுத்தா வாங்கிக்கணுமா?" அந்த இடத்தில்தான் எனக்கு உங்களைப் பிடித்துப்போயிற்று. பின்னால் பட்ட பாடெல்லாம் அதனால் வந்ததுதான்.

சேலை டிசைன் போடும் நம் கடைக்குப் பிரிண்டர் வாங்க வேலூர் போனோமே. கடைக்காரர் கம்ப்யூட்டரில் உங்கள் சீடியைப் போட்டு, ஒவ்வொரு பிரிண்டராக மாட்டிப் பார்த்தீர்கள். ஒன்றும் அசையவில்லை.

"கம்பெனி சீடி பெட்டியிலயே கீதுங்க, அத்த போட்டா ஓடும்."

"அது வேற சிஸ்டத்துக்கு. நம்மளுதுக்கு?"

"அப்போ தப்பு பிரிண்டர் மேல இல்லீங்க."

அடுத்த முறை நம் தலை தெரிந்ததும், காலை பத்து மணிக்கே சாப்பாட்டு நேரம் என்று ஷட்டரை இறக்கினார். அந்தக் கல்யாண சீசன் முழுக்கப் பழைய பிரிண்டரே தெருவை எழுப்பிக்கொண்டு ஓடியது.

பஸ்ஸில் நான் கத்தினேன். "சேலைய திருப்பிப் பார்த்தா டீ வாங்கித் தர்றாங்க. உங்கள பார்த்தா ஷட்டர இறக்குறாங்க. கூட வர்றதுக்கே வெக்கமா கீது."

நீங்கள் சிரித்தீர்கள். "யாரும் கேக்கலன்னா, யாருக்கும் வேணாம்னு முடிவு பண்ணிடுவாங்க. வாங்காட்டியும் கேட்டுகினே இருக்கணும்."

போன வாரம் உங்கள் கம்ப்யூட்டர் ஒரேயடியாக நின்றுவிட்டது. டிசைன்கள் நிற்கின்றன, நெசவுக்காரர்கள் கேட்டு அனுப்புகிறார்கள். நேற்று மகளோடு இங்கே ஆரணியிலேயே லேப்டாப் வாங்கப் போனேன். இப்போதெல்லாம் லேப்டாப்பில் சீடி போடவே இடம் இல்லை. அவள் உங்கள் சிஸ்டத்தைப் பென்டிரைவில் ஏற்றித் தந்திருந்தாள். மாட்டியதும் படம் வந்தது, சத்தம் வந்தது, வைஃபை வரவில்லை. கடைப் பையன், "இத இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லியே மேடம்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் அத்தனை கடை ஏறி இறங்கியது ஒருவருக்கும் நினைவில்லை. "நாங்க கேட்டுகினுதான் கீறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு ஏறினேன். அங்கும் அதே கதை. அதற்கடுத்த கடை வாசலில் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, உங்கூட வர்றதுக்கே வெக்கமா கீது."

நடுத்தெருவில் சிரித்தேன். அழுகையும் வந்தது.

நாளை வேலூர் போகிறேன். பென்டிரைவ் சின்னது, எந்தப் பையையும் கிழிக்காது. இருந்தாலும் சீடியையும் எடுத்துப் போகிறேன். எந்த லேப்டாப்பிலும் அதைப் போட முடியாது என்று எனக்கும் தெரியும். அந்தக் கடைக்காரர் இன்னும் இருந்தால், சீடியைப் பார்த்ததும் உங்கள் நினைவு வந்து ஷட்டரை இறக்கட்டும்.