விட்டுக்கொடுக்கும் சோடியம்

ஞாயிறு, இரவு.

இன்று என்னைப் பெண் பார்க்க அத்திப்பட்டிலிருந்து வந்திருந்தார்கள். நான் வேதியியல் டீச்சர் என்றதும் மாப்பிள்ளைக்கு உற்சாகம். எல்லார் முன்னாலும் கால் ஆட்டிக்கொண்டே பாடம் எடுத்தான்.

"கல்யாணம் அயனிப் பிணைப்பு மாதிரி. பொண்ணு சோடியம். ஒரு எலக்ட்ரான வுட்டுக் குடுத்துட்டா அதுக்கு நிம்மதி. மாப்ள குளோரின், அத வாங்கிக்கும். நீயும் வேலைய வுட்டுரு."

முதல் பேச்சிலேயே 'நீ'. அவன் வீட்டார் சிரித்தார்கள். என் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் தாங்கவில்லை.

"சகப்பிணைப்புன்னு ஒண்ணு கீதே. ஆளுக்கொரு எலக்ட்ரான போட்டு ரெண்டு பேரும் பொதுவுல வச்சிப்பாங்க. தண்ணியே அப்டித்தான் ஆவுது" என்றேன்.

"எனக்கு உப்பு போதும்" என்று இளித்தான்.

"உப்புல ஒரு சோடியத்த சுத்தி ஆறு குளோரின் நிக்கும். பரவால்லியா?"

அவன் அம்மா காபி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்தாள். எல்லோரும் போய்விட்டார்கள்.

அப்பா இதுவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஆறாடி? நெசமாவா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

குழாய்ச் சத்தத்தில் அவள் சிரித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை.