பெயெர்செபாவில் ஒரு தோள்பை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் ஏணியைக் கண்டால் முனகுகிறது. நீயும் சின்னவனும் அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா? அவனுக்கு முன்பல் விழுந்ததாக எழுதியிருந்தாயே, முளைத்துவிட்டதா? அம்மா உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து மாட்டியிருக்கிறாள், யாருக்கு என்று கேட்டால் ஜன்னலுக்கு என்கிறாள்.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. யாராவது விசாரித்தால், மாப்பிள்ளைக்கு மாற்றலாகி எல்லோரும் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள் என்று சொல்லச் சொன்னாய். சொல்ல மாட்டேன். நாற்பது வருஷமாகக் கடை போர்டு எழுதுகிறவன் நான், கடைக்காரர்கள் சொன்ன பொய்யை எல்லாம் எழுதியிருக்கிறேன், சொந்தமாக ஒன்றும் எழுதியதில்லை. கேட்டவர்களிடம், அடி வாங்கினது போதும்னு பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா, நல்ல வேலை செஞ்சா என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு சிலர் என்னைக் கண்டால் முகம் பார்க்காமல் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறார்கள். செய்யட்டும், எனக்கென்ன வந்தது.

இப்போது சபை மண்டபத்து விஷயத்துக்கு வருகிறேன். அங்கே பின்சுவர் முழுக்க வேதாகமத்தில் வரும் தேசங்களின் வரைபடம் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நூல் பிடித்துக் கோடு போட்டு, கடலும் ஆறும் ஊர்களும் முடித்துவிட்டேன். தெற்கே பெயெர்செபா வனாந்தரம், அது வெறும் மணல் நிறம். சபைச் செயலாளர் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சும்மா கெடக்கிற எடம்தானே, அங்க முன்னாள் செயலாளர்கள் பேரையெல்லாம் எழுதிடுங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. சும்மாவா கிடக்கிறது அந்த இடம்? பெரிய வீட்டிலிருந்து கையில் பிள்ளையோடு துரத்தப்பட்ட அடிமைப்பெண் அங்கேதானே அலைந்தாள். அந்த வீட்டில் எஜமானும் எஜமானியும் அவளை அடிமைப்பெண் என்றார்களே தவிர, ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டதாக எழுதியிருக்கவில்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல் வனாந்தரத்தில்தான், வானத்திலிருந்து வந்தது. தண்ணீர் தீர்ந்து, பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டேன் என்று தள்ளிப் போய் உட்கார்ந்து அழுதவளுக்குக் கண் திறந்தது, பக்கத்திலேயே கிணறு. பல காலம் கழித்து ஒரு தீர்க்கதரிசியும் உயிர் பிழைக்க அதே வனாந்தரத்துக்குள் ஓடி, செடிக்கு அடியில் படுத்து, ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். அவருக்கும் திட்டு விழவில்லை. தூங்க விட்டு, எழுப்பி, சாப்பிடு என்று சொல்லப்பட்டது, அவ்வளவுதான். சாவைக் கேட்டவருக்குச் சாப்பாடு கிடைத்த இடம் அது. அங்கே போனவர்களைக் கடவுள் கைவிட்டார் என்று நம் ஆட்கள் எந்தப் பக்கத்தில் படித்தார்களோ தெரியவில்லை.

அதனால் செயலாளர்கள் பேரை எழுதாமல், அந்த மணலில் சாண் உயரத்துக்கு அவளை வரைந்தேன். ஒரு கையில் பிள்ளை, தோளில் தண்ணீர்ப் பை. அந்தக் காலத்துத் தோல்பையை நான் எங்கே கண்டேன், கை தன் போக்கில் போட்டுவிட்டது. மறுநாள் செயலாளர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அந்தக் காலத்துல இப்படித் தோள்பை ஏது, இது உங்க பொண்ணு ஆபீசுக்குக் கொண்டுபோற பைதானே, நிக்கிறதும் அவளேதான் என்றார். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீ சின்னவனைத் தூக்கி நிற்கும் அதே நிற்பு. சத்தியமாக நினைத்து வரையவில்லை. ஆனால் பார்த்த பிறகு, தெரியாம வந்துட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆமா, அவதான் என்றேன்.

வாழாவெட்டியைச் சபைச் சுவரில் நிறுத்துவதா என்று கூட்டம் போட்டார்கள். ஞாயிறு காலைக்குள் நான் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பெயிண்டரை வைத்து அழிப்பார்களாம். என் தொழில் எதிரி, அதுதான் மேலத்தெருக்காரன், அவனையே கூட்டிவந்தார்கள். அவன் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த மணல் கலர் எனக்குக் கலக்க வராதுங்க, அழிச்சா திட்டுத்திட்டாத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனான். பச்சைப் பொய். காவியும் வெள்ளையும் கலக்கத் தெரியாத பெயிண்டர் உண்டா? இருபது வருஷமாக அவனோடு பேசாமல் இருந்தது என் முட்டாள்தனம். அம்மா கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவருக்கு முன்னால்தான் உட்காரப் போகிறேன் என்றாள். யார் எழுப்புகிறார்கள் என்று பார்ப்போம்.

நீ தலை குனியாதே கண்ணு. வேளைக்குச் சாப்பிடு, சின்னவன் தூங்கும்போது நீயும் தூங்கு, மற்றதைப் பிறகு பார்க்கலாம். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராது, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று எழுது, உன் பையின் கொக்கி வாருக்கு இடது பக்கமா, வலது பக்கமா? அது மட்டும் இன்னும் வரையவில்லை. எழுதிய போர்டு எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை, இன்று மத்தியானம் ஏணி போட்டு அவள் காலடியில் போட்டுவிட்டு வந்தேன். அதே கையெழுத்துதான் இங்கேயும்.

இப்படிக்கு,
இவள் அப்பா